சாதியும் மூன்று மதங்களும்: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்து மதம் சாதியைப் பற்றி என்ன சொல்கிறது, புத்தர் என்ன சொன்னார், இஸ்லாத்தில் சாதி உண்டா இல்லையா என்று ஒப்பிட்டுப் பேசுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. கடலூர் டீக்கடையிலும் பேசுகிறார்கள், புதுச்சேரிக் கல்லூரி விடுதியிலும் பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் "எங்கள் நூலில் அப்படி எதுவும் இல்லை" என்று தொடங்கி, "உங்கள் ஆட்கள் மட்டும் ரொம்ப யோக்கியமோ" என்று முடியும். அப்படிக் காதில் விழுந்த கேள்விகளையும் நேரில் கேட்கப்பட்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நூலில் இருப்பதை ஒரு பக்கமும் ஊரில் நடப்பதை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தால்தான் பேச்சு நகரும் என்பது என் கட்சி.

வருணமும் சாதியும் ஒன்றுதானா?

இல்லை. வருணம் நான்கு: பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர். இது நூல்களில் இருக்கும் பெரிய அடுக்கு. சாதிகளோ எண்ணிக்கையில் அடங்காதவை. பெண் கொடுக்கல் வாங்கல், பந்தி, தொழில், தெரு இவற்றை வைத்து ஊருக்கு ஊர் உருவானவை. தமிழ்நாட்டில் இந்த நான்கடுக்கு ஒருநாளும் சரியாகப் பொருந்தியதில்லை. இங்கே நடுவில் இருந்த சாதிகள் பலவற்றையும் வைதிகர்கள் சூத்திரர் என்றே எழுதினார்கள். அதை மறுத்து மேலே ஏற நடந்த முயற்சிகளின் தடம் அரசுப் பட்டியலில்கூட இருக்கிறது: எங்கள் மாவட்டத்தில் எண்ணிக்கையில் பெரிய சமூகத்தின் பெயர் அதில் 'வன்னியகுல க்ஷத்திரியர்' என்றுதான் பதிவாகியிருக்கிறது.

நான்கு வருணத்துக்கும் வெளியே தள்ளப்பட்டவர்கள்தான் தலித் மக்கள். ஊர் வேறு, காலனி வேறு என்று கடலூர் மாவட்டத்துக் கிராமம் எதற்குப் போனாலும் இன்றும் வழி கேட்கும்போதே தெரிந்துவிடும்.

"வேதத்தில் சாதி இல்லை, பின்னால் வந்தவர்கள் நுழைத்தது" என்கிறார்களே?

பாதி சரி. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷ சூக்தம் இருக்கிறது. விராட் புருஷனின் வாயிலிருந்து பிராமணன், தோளிலிருந்து அரசன், தொடையிலிருந்து வைசியன், பாதத்திலிருந்து சூத்திரன் என்று அது சொல்கிறது. தீண்டாமை அதில் இல்லை. இன்ன சாதி இன்ன சாதியில்தான் பெண் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் மேல், கீழ் என்ற படம் வந்துவிட்டது.

பகவத் கீதையின் நான்காம் அத்தியாயத்தில், நான்கு வருணங்களையும் குணம், கர்மம் இவற்றின் பிரிவுப்படி நானே படைத்தேன் என்கிறான் கண்ணன். "பார்த்தீர்களா, பிறப்பால் என்று சொல்லவில்லையே" என்று இதை எடுத்துக்காட்டுவது வழக்கம். நியாயமான வாசிப்புதான். அதே கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: குறை இருந்தாலும் தன் தர்மத்தைச் செய்வதே மேல், பிறர் தர்மத்துக்குப் போகாதே என்று அங்கே வருகிறது. மனு ஸ்மிருதிக்கு இந்தச் சுற்றிவளைப்பெல்லாம் கிடையாது. சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் உண்ண வேண்டும், பிணத்தின் துணியை உடுத்த வேண்டும் என்று அதன் பத்தாம் அத்தியாயம் பட்டியலே போடுகிறது.

எங்கள் கிராமத்துக்காரர் யாரும் மனுவைப் படித்துவிட்டுக் காலனியைத் தள்ளி வைக்கவில்லை, உண்மை. ஆனாலும் அந்த வழக்கத்தைக் கேள்வி கேட்க வந்தவனிடம் "சாஸ்திரமே அப்படித்தான்" என்று சொல்ல அந்த நூல் உதவியது. பௌத்தத்திலும் இஸ்லாத்திலும் அப்படிக் கையில் எடுக்க ஒரு மூல நூல் கிடைக்காது. மூன்றுக்கும் இடையே நான் பார்க்கும் முதல் வேறுபாடு இதுதான்.

நந்தனார் கதை சாதி எதிர்ப்பா, சாதி ஏற்பா?

சிதம்பரம் எங்கள் மாவட்டத்திலேயே இருப்பதால் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்ற பெயரில் வரும் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில்களுக்குத் தோலும் வாரும் நரம்பும் கொடுத்து, வெளியே நின்று வணங்குபவர். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகுகிறது. தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் வந்து எல்லையில் நின்றுவிடுகிறார். இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி எழச் சொல்கிறான். தில்லைவாழ் அந்தணர்களுக்கும் கனவில் உத்தரவு. அவர்கள் தீ வளர்க்க, நந்தனார் அதில் இறங்கி, பூணூலும் சடைமுடியுமாக ஒரு முனிவர் வடிவில் எழுகிறார். பிறகுதான் கோயிலுக்குள் போகிறார்.

இன்று பலரும் சொல்லும் கதையில் வரும் கொடுமைக்கார அந்தணப் பண்ணையார், பெரியபுராணம் எழுதிய சேக்கிழாரிடம் இல்லை. அந்தப் பாத்திரத்தை 19-ஆம் நூற்றாண்டில் தம் கீர்த்தனைகளில் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இன்று மக்கள் மனதில் நிற்பது பெரும்பாலும் அந்த நந்தன்தான்.

இப்போது கேள்விக்கு வருவோம். இறைவன் நந்தனாரை ஏற்றான், சரி. கடைக்கோடியில் வைக்கப்பட்டவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து இன்றுவரை கும்பிடுகிறோம், அதுவும் சின்ன விஷயமல்ல. ஆனால் புலையராகவே அவர் உள்ளே போகவில்லை. உடம்பு எரிந்து, பூணூலோடு புது உடம்பு வந்த பிறகே வாசல் திறந்தது. மாறியது அவர், கோயில் மாறவில்லை. அந்தத் தீயைப் பக்தியின் உச்சம் என்று வாசிக்கிறவர்களும் உண்டு, ஒரு கொலையை மூடி எழுதியது என்று வாசிக்கிறவர்களும் உண்டு. இரண்டையும் சிதம்பரத்துக்காரர்களிடமே கேட்கலாம்.

நந்தனார் பெயரிலேயே சிதம்பரத்தில் 1916-இல் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தரை இங்கே சொல்லாமல் விட முடியாது. தலித் பிள்ளைகளுக்குக் கல்வி என்று முழு மூச்சாக நின்றவர். தீயில் இறங்காமல் உள்ளே போக வேறு வழி இருக்கிறது என்று காட்டினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பரும் வள்ளலாரும் சாதியைச் சாடியிருக்கிறார்களே? அவர்களும் இந்துக்கள்தானே?

சாடியிருக்கிறார்கள், அதுவும் லேசாக அல்ல. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் பிறந்து, சமணத்துக்குப் போய்த் திரும்பி வந்து, கல்லோடு கடலில் தள்ளப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியவர் என்று சொல்லப்படும் அப்பர், "சாத்திரம் பல பேசும் சழக்கர்காள், கோத்திரமும் குலமும் கொண்டு என் செய்வீர்" என்று நேருக்கு நேர் கேட்டார். பசுவை உரித்துத் தின்னும் புலையரே ஆனாலும் சிவனுக்கு அன்பர் என்றால் அவரே நான் வணங்கும் கடவுள் என்றும் பாடினார். கும்பிடு விழும் திசையையே அங்கே மாற்றிவிட்டார். நந்தனார் கதையைவிட இந்தப் பாட்டு பல படி முன்னே நிற்கிறது என்பேன். கோயில் நடைமுறை அந்தப் பாட்டைப் பின்பற்றவில்லை என்பது வேறு கதை.

வள்ளலார் இன்னும் தூரம் போனார். 1823-இல் மருதூரில் பிறந்தவர். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசி ஒன்றுதான் தகுதி. யார், என்ன சாதி என்று பந்தியில் கேட்பதில்லை. "சாதியும் மதமும் சமயமும் பொய்" என்று அருட்பெருஞ்ஜோதி அகவலில் எழுதினார். நால்வருணம், ஆசிரமம், ஆசாரம் எல்லாம் பிள்ளை விளையாட்டு என்றார். சைவத்தின் தோத்திர நூல்களில் ஊறியவர், கடைசியில் சமயத்தையே விட்டுத் தள்ளிய இடம் அது. எனவே அவரை 'இந்து மதத்தின் பதில்' என்று கணக்கு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வடலூரில் வள்ளலார் எழுப்பிய வழிபாட்டு இடமான ஞானசபைக்குள் போவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கொலையும் புலால் உண்பதும் தவிர்த்தவர்களே உள்ளே போகலாம். பிறப்பைப் பார்க்கவில்லை, உணவைப் பார்த்தார். எங்கள் ஊர்களில் யார் தட்டில் என்ன இறைச்சி என்பதோடு சாதி எவ்வளவு ஒட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த இடம் உறுத்தும். புலால் உண்பவர்க்கும் பசி என்றால் சோறு போட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புத்தர் சாதியை ஒழித்தாரா?

சமூகத்தில் ஒழிக்கவில்லை, அப்படி ஒரு சட்டம் போடும் இடத்தில் அவர் இல்லை. தம் சங்கத்துக்குள் ஒழித்தார். வாதத்தில் அதன் வேரைப் பிடித்தார்.

சுத்த நிபாதம் என்ற பாலி மொழிப் பௌத்த நூலில் ஒரு காட்சி. சாவத்தியில் புத்தர் பிச்சைக்கு வருகிறார். வேள்வித் தீ வளர்த்துக்கொண்டிருந்த பாரத்வாஜன் என்ற பிராமணன் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "நில்லடா மொட்டையா, அங்கேயே நில், இழிகுலத்தானே" என்று கத்துகிறான். புத்தர் கோபப்படவில்லை. "இழிந்தவன் யார், ஒருவனை இழிந்தவன் ஆக்குவது எது என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார். தெரியாது என்கிறான். பட்டியல் போடுகிறார்: கடனை வாங்கிவிட்டு வாங்கவே இல்லை என்பவன், வயதான தாய் தந்தையைக் காக்காதவன், பொய்ச்சாட்சி சொல்பவன்... கடைசியில், பிறப்பால் யாரும் இழிந்தவன் ஆவதில்லை, பிறப்பால் யாரும் பிராமணன் ஆவதுமில்லை, செயலால்தான் இரண்டும் என்று முடிக்கிறார்.

இன்னொரு இடத்தில் அஸ்ஸலாயனன் என்ற இளம் பிராமணன் வாதத்துக்கு வருகிறான். சந்தனக் கட்டையைக் கடைந்து மூட்டிய தீ, பன்றித் தொட்டியின் கட்டையைக் கடைந்து மூட்டிய தீ, இரண்டில் எதில் சூடு குறைவு என்று புத்தர் கேட்கிறார். யவன, காம்போஜ நாடுகளில் ஆண்டான், அடிமை என்று இரண்டு பிரிவுதான் இருக்கிறது, அங்கே ஆண்டான் அடிமையாகவும் அடிமை ஆண்டானாகவும் மாறுகிறார்களே, நீ சொல்லும் நான்கு எங்கே போயிற்று என்றும் கேட்கிறார். இது சமூகவியல் கேள்வி. இவ்வளவு பழைய நூலில் இதைப் பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது உபாலியின் கதை. உபாலி சாக்கிய அரச குடும்பத்தின் நாவிதர். அனுருத்தர், ஆனந்தர் முதலிய இளவரசர்கள் துறவு கொள்ள வரும்போது அவரும் வருகிறார். சங்கத்தில் முதலில் சேர்ந்தவர் மூத்தவர், பின்னால் சேர்ந்தவர் அவரை வணங்க வேண்டும் என்பது விதி. இளவரசர்களே புத்தரிடம், "இவரை முதலில் சேருங்கள், இவரை நாங்கள் வணங்கினால் எங்கள் சாக்கியத் திமிர் அடங்கும்" என்று கேட்கிறார்கள். அப்படியே நடக்கிறது. பின்னாளில் சங்க ஒழுக்க விதிகளில் தலைசிறந்தவர் என்று பெயர் எடுத்தவர் அந்த நாவிதர்தான்.

நந்தனார் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். உள்ளே வருவதற்கு உபாலி ஒன்றும் மாற வேண்டியிருக்கவில்லை. மாற வேண்டியவர்கள் இளவரசர்கள்.

அப்படியானால் பௌத்தத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. புத்தர்கள் க்ஷத்திரிய அல்லது பிராமணக் குலத்தில்தான் பிறப்பார்கள் என்று ஜாதகக் கதைகளின் முன்னுரை கூசாமல் சொல்கிறது. கடன்பட்டவரையும் அடிமையையும் அவர்களுக்கு விடுதலை கிடைக்கும் முன் சங்கத்தில் சேர்க்கக்கூடாது என்ற விதியும் உண்டு.

பெரிய குறை இலங்கையில். அங்கே துறவு மரபு அறுந்துபோனதால் 1753-இல் சயாம் நாட்டிலிருந்து (இன்றைய தாய்லாந்து) ஒரு தேரரை வரவழைத்து மீண்டும் தொடங்கினார்கள். அவர் பெயரும் உபாலிதான்! சில ஆண்டுகளிலேயே அந்தச் சயாம் நிகாயத்தில் (நிகாயம் என்றால் துறவியர் பிரிவு) வேளாண் சாதியான கொவிகம சாதியார் மட்டுமே முழுத் துறவு பெறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நாவிதரின் பெயர் கொண்டவர் தொடங்கி வைத்த மரபில் நாவிதர் மகனுக்கு இடமில்லை. கறுவாப் பட்டை உரிக்கும் சாலாகம சாதியார் பர்மாவுக்குப் போய்த் துறவு வாங்கி வந்து 1803-இல் அமரபுர நிகாயத்தைத் தொடங்கினார்கள். நூல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நிலமும் மடமும் சேர்ந்த இடத்தில் சாதி நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தமிழில் பௌத்தர்கள் சாதி பற்றிப் பேசியிருக்கிறார்களா?

மணிமேகலையில் ஆபுத்திரன் கதையைப் படியுங்கள். வேள்விக்குக் கட்டி வைத்திருந்த பசுவை ஆபுத்திரன் அவிழ்த்து ஓட்டிப் போகிறான். பிடிபட்டபோது, "நீ ஆ மகன்" என்று இழிக்கிறார்கள். அசலன் பசுவின் மகன், சிருங்கி மானின் மகன், விரிஞ்சி புலியின் மகன், கேசகம்பளன் நரியின் மகன். இவர்களை எல்லாம் உங்கள் ரிஷிகள் என்று ஒப்புக்கொள்கிறீர்களே என்று திருப்பிக் கேட்கிறான். ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறான். பிச்சை எடுத்த சோற்றைக் குருடர்க்கும் செவிடர்க்கும் கொடுத்து மிச்சத்தை உண்கிறான். அட்சய பாத்திரம் அவன் கைக்குத்தான் வருகிறது.

நவீன காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ். பறையர் எனப்பட்டோர் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்கள், அதனாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை. ஆனால் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தப் பாதையைக் காட்டியவர் ஒரு தமிழர் என்பது எங்கள் பக்கத்துப் பௌத்த ஆர்வலர்களுக்குப் பெருமை.

இஸ்லாம் என்ன சொல்கிறது?

குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம், 13-ஆம் வசனம்: மனிதர்களே, உங்களை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைத்தோம், ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கினோம், உங்களில் இறையச்சம் மிகுந்தவரே இறைவனிடம் மேலானவர். நபிகள் நாயகம் தம் இறுதி ஹஜ்ஜில், 632-இல் ஆற்றிய உரையில் அரபிக்கு அரபியல்லாதவரைவிட மேன்மை இல்லை, வெள்ளையருக்குக் கறுப்பரைவிட மேன்மை இல்லை, இறையச்சத்தால் தவிர என்றார்.

பேச்சோடு நிற்கவில்லை. 630-இல் மக்கா வசப்பட்டபோது, கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லும்படி நபிகள் பணித்தது பிலாலை. அபிசீனிய வம்சத்தவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கீழே நின்ற, மக்காவின் மேல்குலமான குறைஷிப் பெருந்தலைகள் முகம் சுளித்தார்கள். உபாலி கதையின் அதே தர்க்கம்தான்: கீழே வைக்கப்பட்டவரை எல்லோரும் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் நிறுத்துவது.

அடிமை முறையை இஸ்லாம் அப்போதே தடை செய்யவில்லை. அடிமையை விடுவிப்பதைப் பெரும் புண்ணியம் ஆக்கியது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் திருமணத்தில் 'குஃபு', அதாவது பொருத்தம் பார்க்கலாம் என்றார்கள். ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்ட மரபு) குலமும் தொழிலும்கூட அந்தப் பொருத்தத்தில் வந்தன. மாலிக்கி மத்ஹப் பெரும்பாலும் மார்க்கப்பற்றைப் பார்த்தால் போதும் என்றது. வட இந்தியாவில் அஷ்ரஃப் (உயர்குடி), அஜ்லஃப் (தொழில் குடிகள்), அர்ஸல் (கடைநிலை) என்று அடுக்கே உண்டாயிற்று. 14-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பரனி கீழ்க்குலத்தாருக்குக் கல்வி தரக்கூடாது என்றே எழுதினார். பின்தங்கிய முஸ்லிம்களின் இன்றைய பஸ்மாந்தா இயக்கம் அதற்கு எதிராக எழுந்ததுதான்.

மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று நம் ஊரிலேயே இருக்கிறதே, அது சாதி இல்லையா?

நல்ல கேள்வி. முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டால் பட்டென்று "இல்லை" என்பார்கள். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன்.

பரங்கிப்பேட்டை, காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் மரைக்காயர்கள், கடல் வாணிகத்தில் வந்தவர்கள், ஷாஃபி மத்ஹப். ராவுத்தர்கள் உள்நாட்டவர், ஹனஃபி. உருது பேசுவோர் தனி. ஒருவர் வீட்டில் இன்னொருவர் பெண் கேட்டுப் போவது குறைவு. நாவிதத் தொழில் செய்த முஸ்லிம் குடும்பங்களோடு சம்பந்தம் வைக்கத் தயங்குவதும் உண்டு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கல்யாணம் என்று வந்தால் சாதியின் சாயல் இருக்கிறது.

ஆனால் பள்ளிவாசலுக்குள் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் முதலில் வந்தவர் முன் வரிசை. கப்பல் முதலாளி தாமதமாக வந்தால் வாசலோரம், வெயிலில். மீன் வண்டி ஓட்டுபவரின் தோள் அவர் தோளில் உரசும். மரைக்காயர் ஊர் விருந்துகளில் சஹன் என்று ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். எச்சில், தீட்டு என்று வளர்ந்த ஒருவருக்கு அந்தத் தட்டு கொடுக்கும் அதிர்ச்சியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இறந்தால் ஜமாத்துக்கு ஒரே மையவாடி, அதாவது அடக்கத்தலம்.

எங்கள் கிராமங்களில் ஊருக்கு ஒரு சுடுகாடு, காலனிக்கு ஒரு சுடுகாடு. காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை இருக்காது. நடவு முடிந்த வயலின் வரப்பில், முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரே மையவாடி எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. 1981-இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது, பணத்துக்கு மாறினார்கள் என்று பேசியவர்கள் இதை எல்லாம் கணக்கில் எடுக்கவே இல்லை.

சரி, மூன்றில் எது மேல்?

மதிப்பெண் போட மாட்டேன். கோயில் அல்லது மடம், பந்தி, சுடுகாடு, கல்யாணம் என்று நான்கு வாசல்களைப் பார்க்கச் சொல்வேன். இஸ்லாம் எங்கள் பக்கத்தில் முதல் மூன்றைத் திறந்து வைத்திருக்கிறது, நான்காவது ஒருக்களித்துக் கிடக்கிறது. பௌத்தம் நூலளவில் நான்கையும் திறக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் அதைச் சோதித்துப் பார்க்கப் போதுமான பௌத்தர்கள் இல்லை. இந்து சமூகத்தில் பொதுப்பந்தி ஓரளவு திறந்துவிட்டது, கோயில் வாசல் சட்டத்தால் திறந்தது. சுடுகாடும் கல்யாணமும் மூடித்தான் கிடக்கின்றன. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003-இல் சாதி மாறித் திருமணம் செய்த இளம் தம்பதியைப் பெண்ணின் குடும்பத்தாரே கொன்றார்கள். கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025-இல். இருவரும் இந்துக்கள், ஒரே சாமியைக் கும்பிட்டவர்கள்.

பாரதி புதுச்சேரியில் தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டது புரட்சிதானே?

அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்து காயத்ரி உபதேசம் செய்தார். அக்கிரகாரம் அவரை எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இருந்தாலும் எனக்கு இதில் நந்தனார் வாசனை அடிக்கிறது. கீழே இருப்பவர் கழுத்தில் நூலைப் போட்டு மேலே ஏற்றுகிறோம். நூலின் மதிப்பு அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னால் பாரதி அன்பர்கள் கோபப்படுவார்கள். படட்டும்.

கிறிஸ்தவத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தலைப்பு அதுவல்ல என்பதால்தான், வேறு காரணம் இல்லை. ஆனால் புதுச்சேரியில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-இல் ஒரு பதிவு இருக்கிறது: சம்பா கோயில் என்ற புதுச்சேரி மாதா கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களையும் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர். தலித் மக்கள் பாதிரியாரிடம் முறையிட, சுவர் இடிக்கப்பட்டது. சமத்துவம் பேசும் எந்த மதமும் இங்கே வந்து இறங்கியதும் முதலில் சந்திப்பது ஒரு சுவரைத்தான்.

பிரெஞ்சு ஆட்சி சாதியை ஒழித்ததா?

ஒழிக்கவில்லை, இன்ன சாதியாரின் வழக்கம் இன்னது என்று மதித்தே ஆண்டார்கள். ஆனால் வேறு எங்கும் இல்லாத ஒரு கதவு இங்கே இருந்தது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் போலச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனதற்காக வெளியேற்றப்பட்டார். பாரிஸ் வரை வழக்காடி வென்றார். 1881-இல் வந்த ஆணைப்படி, யார் வேண்டுமானாலும் தம் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் போகலாம். துறந்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் 'லாப்போர்த்'. பிரெஞ்சில் கதவு என்று பொருள். தலித் மக்களும் கிறிஸ்தவர்களும் அந்தக் கதவு வழியாகக் கணிசமாகப் போனார்கள். மதம் மாறாமலே சாதிப் பெயரைக் கழற்ற ஒரு வழி. பிறகு அவர்கள் யாரோடு சம்பந்தம் செய்தார்கள் என்று கேட்டால், பழைய கதைதான்.

மதம் மாறினால் சாதிச் சான்றிதழ் என்ன ஆகும்?

1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி முதலில் இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களும், 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். எனவே பட்டியல் சாதியினர் ஒருவர் பௌத்தம் தழுவினால் தகுதி போகாது. இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போனால் போய்விடும். இதை ஆராய 2022-இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது.

புதுச்சேரியிலிருந்தே ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. எழுத்தர் பணிக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண், நடைமுறையில் கிறிஸ்தவராக வாழ்கிறார் என்று சொல்லி 2024 நவம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. இஸ்லாத்தில் சாதி இல்லை, ஆகவே சலுகையும் இல்லை என்பது கேட்க நேராக இருக்கிறது. ஆனால் மதம் மாறிய மறுநாள் ஊர்த்தெருக்காரர் அவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று சட்டம் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. மதம் மாறியவர் அதில் வருவாரா என்பது நீதிமன்றத்தில் இழுபட்ட விஷயம். சேரும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆவது எந்த அளவில் இருக்கிறது?

இதற்கும் எங்கள் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள் தலைமையில் தீண்டாமையை ஆராய 1965-இல் அமைந்த குழு 1969-இல் அறிக்கை கொடுத்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சொன்னது. 1970-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும் கோயில் பூசை விதிகளைச் சொல்லும் ஆகமத்தைக் குறுக்கே வைத்தது. பயிற்சி பெற்ற பல சாதியினர் 2021 ஆகஸ்டில் பணி நியமனம் பெற்றார்கள். சிதம்பரம் நடராசர் கோயில் இதில் வராது. அதன் நிர்வாகம் தீட்சிதர்களிடமே என்று 2014-இல் தீர்ப்பாகிவிட்டது.

வேறு சாதியில், வேறு மதத்தில் கல்யாணம் செய்ய எந்தச் சட்டம்?

இரு இந்துக்கள் என்றால் சாதி எதுவானாலும் 1955-இன் இந்து திருமணச் சட்டம். அந்தச் சட்டத்தின் பார்வையில் பௌத்தர், சமணர், சீக்கியரும் இந்துவே. அதனால் இந்து, பௌத்த ஜோடிக்கும் அதுவே போதும். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தையும் தமிழ்நாட்டின் 1967 திருத்தம் ஏற்கிறது. இந்து, முஸ்லிம் ஜோடி யாரும் மதம் மாற விரும்பாவிட்டால் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு. அந்த அறிவிப்பு பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். வீட்டில் எதிர்ப்பு இருக்கிறது என்றால் அந்த 30 நாள் எங்கே தங்குவது, யார் துணை என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு மனு கொடுங்கள்.

சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம் என்றால்?

முடியும். திருப்பத்தூரைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் பல ஆண்டு அலைந்து 2019-இல் 'சாதி, மதம் அற்றவர்' என்று வட்டாட்சியரிடம் சான்றிதழ் வாங்கினார். இட ஒதுக்கீடு தேவைப்படும் வீட்டுப் பிள்ளைக்கு இதை வாங்கித் தரும் முன் இரண்டு முறை யோசியுங்கள். தேவைப்படாத வீட்டுக்காரர்கள் தாராளமாக வாங்கலாம். அவர்கள்தான் அதிகம் கேட்பதில்லை.